கொக்குப் படத்தின் மிச்சம்

எழுபத்தைந்து வயது மனுசி சாகக் கிடந்தால் என்ன கேட்பார்? சுவாமியாரைக் கேட்பார், பிள்ளையைக் கேட்பார், மிஞ்சிப்போனால் ஒரு வாய் மீன்குழம்பு கேட்பார். ஜூலியஸின் அம்மா கிளடிஸ் கார்ட்டூன் கேட்டார்.

“கொக்குப் படம் போடு, ராசா.”

கனடாவில், மோர்னிங்சைட்டில் அம்மா இருந்த முதியோர் இல்லத்துத் தாதிக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். ஜூலியஸும் கூடச் சிரித்தான். அம்மாவின் நினைவு மங்கத் தொடங்கி வருசக்கணக்காகிவிட்டது. மகனை யாரோ டொக்டர் என்று நினைத்து மரியாதையாகப் பேசும் நாட்களும் வந்து போயின. இப்போது சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். சுவாமியார் வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதலும் கொடுத்தாயிற்று. அப்படிப்பட்ட மனுசி வாய் திறந்து கேட்கிற ஒரேயொரு பொருள் அந்தக் கொக்கு. அதையாவது கொடுத்து அனுப்பாவிட்டால் தான் பிள்ளையென்று இருந்து என்ன பிரயோசனம் என்று ஜூலியஸ் நினைத்தான்.

கொக்கு என்றால் ‘சில்வர் ஹெரன்’. தொண்ணூறுகளில் சனிக்கிழமைக் காலைகளில் ஓடிய சுப்பர் ஹீரோக் கார்ட்டூன். கதாநாயகன் பகலில் தபால்காரன். ஆபத்தென்று கேள்விப்பட்டால் வெள்ளி உடுப்பும் நீட்டு மூக்கு முகமூடியும் மாட்டிக்கொண்டு செட்டை விரித்துப் பறப்பான். ஆங்கிலப் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை, கொக்கு என்று வைத்துவிட்டார். சென் ஜேம்ஸ் ரவுணில் அப்போது அவர்கள் குடியிருந்த மாடியிலிருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் பிறகு அவன் கொக்குத்தான்.

அதில் ஒரு மணித்தியாலச் சிறப்புப் படமொன்றை அப்பா ரீவியிலிருந்து வீடியோக் கசற்றில் பிடித்து வைத்திருந்தார். அந்தக் கசற்தான் ஜூலியஸின் பிள்ளைப்பருவத்துச் சொத்து. அப்பா அன்புராசா இரவில் செக்கியூரிட்டி வேலைக்குப் போய்ப் பகலில் படுப்பார். அம்மா மிசிசாகாவில் ஒரு பக்டரிக்கும் வந்த கையோடு ஒரு கந்தோரில் மேசை துடைத்துக் கூட்டவும் போவார். மகனின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அந்த மனுசிக்கு நேரமிருந்ததில்லை. ஆனால் கொக்குக் கசற்றைப் போட்டால் வேலையெல்லாம் அப்படியே கிடக்கும். கார்ப்பெற்றில் அவன் பக்கத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, அவன் தலையில் கையை வைத்து, மயிருக்குள் விரலை விட்டபடி கடைசிவரை பார்ப்பார். முடிவுப் பாட்டுத் தொடங்கியதும், “போய்த் தண்ணி கொண்டுவா, ராசா” என்பார். அவன் தண்ணீரோடு வரும்போது ரீவி நின்றிருக்கும், அம்மாவின் கண் சிவந்திருக்கும். படம் முடிந்துவிட்டதே என்று தன்னைப்போலவே அம்மாவுக்கும் கவலை என்று அவன் நினைத்தான். கட்டிடம் முழுக்கத் தேடினாலும் கார்ட்டூன் பார்க்கிற அம்மா தனக்கு மட்டும்தான் என்று பெருமையடித்துத் திரிந்தான். நாற்பது வயதாகியும் அந்தப் பெருமை போகவில்லை.

அந்த வீட்டில் பேசாத பேச்சு ஒன்றும் இருந்தது. ஜூலியஸுக்கு கிளிபோட் என்று ஒரு அண்ணன். அப்பா முதலே கனடா வந்துவிட, பின்னால் புறப்பட்ட அம்மாவிடம், ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒரு பிள்ளையைத்தான் கூட்டிவரலாம் என்றான். சின்னவன் ஏறினான். பெரியவன் யாழ்ப்பாணத்தில் சுவாமிமாரின் பள்ளி விடுதியில் நின்றான், அப்போது அவனுக்குப் பதினொரு வயது. அடுத்த வருசம் எடுப்போம் என்று வருசம் வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒருநாள் ஷெல் விழுந்தது. சுவரில், கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளின் உடுப்போடு அவனுடைய படமொன்று தொங்கியது. பெயரை எடுத்தால் அப்பா எழும்பிப் பல்கனிக்குப் போய்விடுவார். அண்ணனென்று ஒருவன் இருந்தது ஜூலியஸுக்கு நினைவில்லை, சொல்லித்தான் தெரியும்.

கொக்குப் படத்தை யாரோ புண்ணியவான் இணையத்தில் ஏற்றி வைத்திருந்தான். அம்மாவிடம் கொண்டுபோகுமுன் ஜூலியஸ் அதைக் குசினி மேசையில் வைத்து மகள் ஸ்டெபனிக்குப் போட்டுக் காட்டினான். “எங்கட காலத்துக் கார்ட்டூன் எண்டால் கதை இருக்கும், பாரன்” என்று பீடிகை வேறு. பதினாலு வயதுப் பெண்ணுக்குப் பீடிகை போட்டவன் மரியாதையோடு தப்பியதாகச் சரித்திரம் இல்லை.

“அப்பா, கொக்கு பறக்கிறது ஒரே படம். திருப்பித் திருப்பி அதையே போடுறாங்கள்.”

உண்மைதான். அதே முகில், அதே செட்டையடி. பின்னால் ஓடுகிற கட்டிடங்கள்கூட வட்டமடித்து வந்தன. சனம் கத்தும்போது வாய் மட்டும் அசைந்தது, முகம் மரம்.

“வில்லனைப் பாருங்கோ. எங்களை மாதிரி நிறம். எங்கட ஆக்கள் மாதிரி இங்கிலிஷ் கதைக்கிறான். இதைப் பாத்தோ நீங்கள் கை தட்டினீங்கள்?”

கை தட்டியிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் அந்த வில்லனைப்போல இழுத்திழுத்துப் பேசிக்காட்டி வெள்ளைப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தும் இருக்கிறான். அப்போது உறைக்கவில்லை. இப்போது காது சுட்டது.

“மற்றது, ஒருத்தரும் சாகினமில்லை அப்பா. அந்தப் பிளேன் வெடிச்சுது, உடனே ரெண்டு பரசூட். பில்டிங் முழுக்க விழுந்துது, எல்லாரும் இருமிக்கொண்டு வெளியிலை வருகினம். என்ன இது?”

“சின்னப் பிள்ளையளுக்கு எடுத்தது. சாகவிட மாட்டினம்.”

“அப்ப பொய்தானே?” என்று சொல்லிவிட்டு ஸ்டெபனி போனைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். ஜூலியஸ் மிச்சத்தைத் தனியே பார்த்தான். கடைசியில் கொக்கு இடிந்த கட்டிடத்துக்குள்ளிருந்து ஒரு பொடியனைத் தூக்கிவந்து தாயின் கையில் கொடுக்கிற இடம் வந்தது. சின்ன வயதில் அந்த இடத்தில் அம்மாவின் விரல்கள் அவன் மயிரை இறுக்கிப் பிடிக்கும், நோகும். படம் குப்பைதான், ஒப்புக்கொண்டான். ஆனால் அந்தக் கை குப்பையில்லை. அது போதுமென்று இருந்தது.

மறுநாள் ராப்லெற்றை அம்மாவின் கட்டில் மேசையில் நிறுத்திப் படத்தைப் போட்டான். கொக்கின் பாட்டுக் கேட்டதும் அம்மாவின் கண் திறந்தது. வெறும் எலும்பாகப் போயிருந்த கை மெத்தையைத் தடவிக்கொண்டு வந்து அவன் தலையைத் தேடிப் பிடித்தது. ஜூலியஸ் குனிந்து கொடுத்தான். அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டான். ஒரு மணித்தியாலமும் அம்மா கண்ணை எடுக்கவில்லை. பொடியனைத் தாயிடம் கொடுத்தாயிற்று, முடிவுப் பாட்டும் வந்து போயிற்று, திரை கறுத்தது.

“மிச்சம்?” என்றார் அம்மா.

“முடிஞ்சுது அம்மா.”

“மிச்சம் எங்கை? மிச்சத்தைப் போடு.”

“அவ்வளவுதான் அம்மா. கொக்கு வென்றிட்டார்.”

“கள்ளன்!” அந்த உடம்பிலிருந்து அப்படியொரு சத்தம் வருமென்று யாரும் நினைத்திருக்க முடியாது. “மிச்சத்தைக் களவெடுத்திட்டான்! என்ர மிச்சத்தைத் தா!” ராப்லெற் நிலத்தில் விழுந்தது. தாதி ஓடிவந்தாள். ஊசி போட்டுத்தான் படுக்கவைத்தார்கள்.

மிச்சம் என்றால் என்ன மிச்சம்? பழைய கசற்றில் வேறேதும் துண்டு இருந்திருக்குமோ என்று ஜூலியஸ், அப்பா காலமானபின் அம்மாவின் சாமான்களை வைத்திருந்த தன் வீட்டு நிலவறையைக் கிண்டினான். கசற்றுகள் போட்டிருந்த பெட்டிகளில் கலியாணவீடும் சாமத்தியவீடும் இருந்தன, கொக்கு இல்லை. கடைசியில் அது அகப்பட்டது கிறிஸ்மஸ் குடில் சாமான் வைக்கிற பெட்டிக்குள். வைக்கோலுக்கு அடியில், பாலன் யேசுவைச் சுற்றிவைக்கிற வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. அந்தப் பெட்டியை வருசாவருசம் கட்டி வைப்பவர் அம்மா. வேறு யாரையும் தொட விடமாட்டார்.

மார்க்கம் வீதியில் கலியாண வீடியோ எடுக்கிற டெனிஸ்டன், பழைய கசற்றுகளையும் கொம்பியூற்றருக்கு மாற்றிக் கொடுப்பான். கசற்றைத் திருப்பிப் பார்த்தவன் விளிம்பைத் தொட்டுக் காட்டினான்.

“அண்ணை, இதிலை ஒரு பிளாஸ்ரிக் துண்டு இருக்கும். அதை உடைச்சால் மேலாலை ஒண்டும் பதிய ஏலாது. முக்கியமான வீடியோ எண்டால் கடைக்காரர் உடைச்சுத்தான் குடுப்பினம். இதையும் உடைச்சிருக்கு. பிறகு ஆரோ அந்த ஓட்டைக்கு மேலை ஸ்கொச் ரேப் ஒட்டிப் போட்டுப் பதிஞ்சிருக்கினம்.”

“அப்பிடியெண்டால்?”

“இதுக்குள்ளை முதல் வேறை என்னவோ இருந்திருக்கு. அதை வேணுமெண்டு அழிச்சிருக்கினம்.”

அடுத்த நாள் பின்னேரம் டெனிஸ்டன் போன் எடுத்தான். வழமையாக வளவளவென்று பேசுகிறவன் சொல்லைத் தேடினான். “அண்ணை, கார்ட்டூன் முடிஞ்ச பிறகு கொஞ்சம் கிடக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ.”

ஜூலியஸ் போய்ப் பார்த்தான். பாட்டு முடிந்தது. திரையில் கோடுகள் இழுத்தன. பிறகு ஒரு வீட்டு முற்றம், பந்தல், வெள்ளைச் சீலை உடுத்த பெண்கள், நடுவில் ஒரு பெட்டி. ஊர்ச் செத்தவீடு. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் பார்க்கட்டுமென்று செத்தவீட்டை வீடியோ எடுத்து அனுப்புவது அந்தக் காலத்து வழக்கம். ஒரு ஆண்குரல், “பெட்டி மூடப்போறம், கொஞ்சிறாக்கள் வந்து கொஞ்சுங்கோ” என்றது. ஒருவர் பின் ஒருவராக வந்து குனிந்து நெற்றியில் முத்தமிட்டார்கள். “தாய்க்காரி?” என்று யாரோ கேட்டார்கள். “தாய் கனடாவிலை.” பிறகு அதே ஆண்குரல், “தம்பி, முகத்தைக் கிட்ட எடு. தாய் பாக்கவேணும்.”

கமெரா கிட்டப் போனது. ஒரு பொடியன். மேலுதட்டில் அப்போதுதான் அரும்பிய மீசை. கன்னத்தில் ஜூலியஸுக்கு விழுகிற அதே குழி. மூச்செடுக்கிற நேரம்தான், பெட்டியின் மூடி வந்து முகத்தை மறைத்தது. படம் அதோடு நின்றது.

தன் அண்ணன் மீசை அரும்பிய பிள்ளையாக ஒருகாலம் இருந்தான் என்பதே ஜூலியஸுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் முதலில் வந்தது துக்கமில்லை. அவமானமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், முதலில் வந்தது எரிச்சல். அம்மா தன்னோடு உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கவில்லை. கார்ட்டூன் எப்போது முடியுமென்று காத்திருந்தார். கை இவன் தலையில் இருந்தது, மனம் பெட்டிக்குள் இருந்தது. உலகத்தில் தனக்கென்று இருந்த ஒரு மணித்தியாலமும் செத்தவனுக்குத்தான் போயிருக்கிறது.

“கடைசித் துண்டை வெட்டட்டோ அண்ணை? கசற் இனி இன்னொருக்கா ஓடாது” என்று டெனிஸ்டன் மெதுவாகக் கேட்டான்.

“வெட்டு” என்றான் ஜூலியஸ்.

வீட்டுக்குப் போகாமல் நேரே யோகமலர் அன்ரியிடம் போனான். சென் ஜேம்ஸ் ரவுணில் அவர்களுக்குப் பக்கத்துக் கதவு. அம்மா பக்டரியால் வரும்வரை அவனுக்குச் சோறு போட்ட மனுசி. கதவைத் திறந்தவரிடம், வணக்கம்கூடச் சொல்லாமல், “கொக்குக் கசற்றிலை முதல் இருந்தது ஆர் அழிச்சது?” என்று கேட்டான்.

அன்ரி அவனை உள்ளே கூட்டிப்போய் இருத்தினார்.

“கொப்பர்தான்.”

“அப்பாவோ? ஏன்?”

“கொம்மா பைத்தியமாகிக்கொண்டு வந்தாவடா. அந்தக் கசற் வந்த நாளிலையிருந்து வேலைக்குப் போறேல்லை, சமைக்கிறேல்லை. விடிஞ்சால் பொழுதுபட்டால் அதுதான் ஓடும். பதினொரு வயசிலை விட்டிட்டு வந்த பிள்ளை. வளந்த முகத்தை அவ கண்டது அந்தக் கசற்றிலை மட்டும்தானே. வளந்த பிறகு எடுத்த ஒரு படம்கூட இல்லை. நீ பசியெண்டு என்ர கதவைத் தட்டுவாய். ஒருநாள் கொப்பர், செத்தவனைப் பாத்துப் பாத்து இருக்கிறவனையும் சாகக் குடுக்கப்போறாய் எண்டு கத்திப்போட்டு, உன்ர கார்ட்டூனைப் பிடிச்சு அதுக்கு மேலை போட்டிட்டார். எங்கடை கொப்பிதான், ஊரிலை எடுத்த மூலக் கசற் பாரிசிலை ஆரிட்டையோ போய்த் துலைஞ்சுது. எல்லாம் போச்சு எண்டுதான் நினைச்சம். கடைசியிலை கொஞ்சம் தப்பினது பிறகுதான் கொம்மா கண்டுபிடிச்சா.”

“அப்பாவுக்குத் தெரியாதோ?”

“தெரியும். அவர் இருக்கிற வீட்டிலை அவ தானாக அந்தக் கசற்றை எடுக்கேலாது. ஆனால் நீ கொக்குப் போட்டால் அந்த மனுசன் வாய் திறவார். ரீவிக் கண்ணாடியிலை ஊத்தை எண்டு உனக்குப் பேசுவாரே, நினைவிருக்கோ?”

நினைவிருந்தது. திரையின் நடுவில் எப்போதும் ஒரு மங்கல் தழும்பு இருக்கும். “கண்ணாடியிலை கை வைக்காதை எண்டு எத்தினைதரம் சொன்னனான்” என்று அப்பா அவன் தலையில் குட்டுவார். நான் வைக்கவில்லை என்று அவன் அழுவான். அப்பா தன் சறத்துத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைப்பார்.

“அது உன்ர கையில்லை ராசா. கொம்மாவின்ர வாய். பெட்டி மூடமுதல் கொஞ்சிறதுக்கு எல்லாரும் போச்சினம், பெத்தவள் போகேல்லை. அதாலை ஒவ்வொருதரமும் ஓடிப்போய்க் கண்ணாடியிலை கொஞ்சுவா. மூடி வரமுதல் கொஞ்சவேணும். உன்னைத் தண்ணிக்கு அனுப்பிப்போட்டுத்தான் கொஞ்சுவா. செத்த முகத்தைச் சின்னவன் பாக்கக்கூடாது, அவன்ரை படத்திலை ஒருத்தரும் சாகிறேல்லை, அவன் அப்பிடியே இருக்கட்டும் எண்டு எனக்குச் சொன்னவ.”

ஜூலியஸ் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நான் வெட்டச் சொல்லிப்போட்டன் அன்ரி” என்றான்.

“கொப்பர் ஒருக்கா அழிச்சார். நீயும் அழிக்கப்போறியோ?”

அவன் அந்த இடத்திலேயே டெனிஸ்டனுக்குப் போன் எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்குமட்டும் அவனுக்கு உயிர் இல்லை. “இன்னும் தொடேல்லை அண்ணை” என்றான் டெனிஸ்டன். “நீங்கள் திருப்பி எடுப்பியள் எண்டு எனக்குத் தெரியும்.”

அடுத்த நாள் மத்தியானம் முதியோர் இல்லத்துக்குப் போனபோது அம்மாவின் மூச்சு இரைந்துகொண்டிருந்தது. இனி நாள் கணக்கு என்றாள் தாதி. காத்திருக்க வைக்காமல் முகத்தை மட்டும் முதலில் காட்டலாமென்று ஜூலியஸ் நினைத்தான். டெனிஸ்டன் அந்த முகத்தைப் படமாக அச்சடித்தும் கொடுத்திருந்தான். அதை அம்மாவின் கண்ணுக்கு முன்னால் பிடித்தான்.

“அம்மா, ஆரெண்டு பாருங்கோ.”

அம்மா பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. படத்தைக் கையால் ஒதுக்கிவிட்டு, “கொக்குப் போடு” என்றார்.

சரி, முறைப்படியே நடக்கட்டும். ஜூலியஸ் கட்டிலோரத்தில் உட்கார்ந்து ராப்லெற்றில் முழுதையும் போட்டான். கை வந்து தலையில் இருந்தது. ஒரே முகில், ஒரே செட்டையடி. பிளேன் வெடித்தது, பரசூட்டுகள் விரிந்தன. கட்டிடம் விழுந்தது, சனம் இருமிக்கொண்டு வெளியே வந்தது. குப்பைப் படம்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண் ஒரு மணித்தியாலம் இந்தப் பொய்யைப் பார்த்துக் கடந்துதான் அந்த உண்மைக்குப் போகவேண்டியிருந்தது என்பது இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கொக்கு பொடியனைத் தாயிடம் கொடுத்தான். விரல்கள் மயிரை இறுக்கின, பழைய பலம் இல்லை. பாட்டுத் தொடங்கியது.

“போய்த் தண்ணி கொண்டுவா, ராசா.”

“ஓம் அம்மா.” எழும்பிக் கதவடிவரை போனான். இந்தமுறை போகவில்லை, திரும்பி நின்றான். ராப்லெற்றில் கோடுகள் இழுத்தன. கொஞ்சிறாக்கள் வந்து கொஞ்சுங்கோ என்றது குரல். அம்மா தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தார். முழங்கை வழுக்கியது. தாய்க்காரி? தாய் கனடாவிலை. கழுத்தை நீட்டினார், கட்டில் கம்பியைப் பிடித்தார், உதட்டைக் குவித்தபடி முன்னால் சரிந்தார். எட்டவில்லை. மூடி விழுந்தது. அம்மாவின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை ஜூலியஸ் சாகுமட்டும் மறக்கமாட்டான்.

ஓடிவந்தான். படத்தைப் பின்னால் இழுத்து, முகம் வந்த இடத்தில் நிறுத்தினான். ராப்லெற்றைத் தூக்கி அம்மாவின் வாயருகே பிடித்தான்.

“கொஞ்சுங்கோ அம்மா. அவசரமில்லை. மூடமாட்டினம்.”

அம்மா கொஞ்சினார். நெற்றியில், கண்ணில், அரும்பிய மீசையில். அந்தக் காலத்தில் ஓடிப்போய் ஓடிப்போய் ஒரு நொடிக்குக் கொஞ்சியவர், ஆறுதலாகக் கொஞ்சினார். கண்ணாடி முழுக்க எச்சிலும் கண்ணீரும். பிறகு தலையைச் சாய்த்து, ஜூலியஸைப் பார்த்தார். டொக்டரைப் பார்க்கிற பார்வையில்லை அது.

“நீ கொஞ்சினியே, தம்பிக்குட்டி?”

“இல்லை அம்மா.”

“கொஞ்சு. உன்ர அண்ணா.”

ஜூலியஸ் குனிந்து, அம்மாவின் ஈரம் காயாத இடத்தில் வாய் வைத்தான். கண்ணாடி சூடாக இருந்தது.

அம்மா நீளமாக மூச்சு விட்டார்.

“சரி. இனி மூடச் சொல்லு.”

அங்கே சொல்வதற்கு வேறு யாரும் இல்லை. அண்ணனின் முகத்தை ஒருதரம் வடிவாகப் பார்த்துவிட்டு, ஜூலியஸ் தானே திரையில் விரலை வைத்து, நின்ற படத்தை ஓடவிட்டான்.